'டஸ்க்' தோல்வி ஆல்பமா? ஃப்ளீட்வுட் மேக்கை 1979இல் விமர்சகர்கள் எப்படி எடைபோட்டார்கள்

கேள்வி இது: பிரிட்டிஷ்-அமெரிக்க ராக் குழுவான ஃப்ளீட்வுட் மேக்கின் 'டஸ்க்' ஆல்பம் 1979இல் வந்தபோது விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்தக் குழு செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்று வேறு சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எது சரி? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: பொதுவாகச் சொன்னால், கிழிக்கவில்லை. முக்கியமான அமெரிக்க விமர்சகர்கள் பலர் அந்த ஆல்பத்தை மதித்தே எழுதினார்கள். 'தோல்வி' என்ற சொல் விற்பனைக் கணக்கிலிருந்து கிளம்பி, காலப்போக்கில் விமர்சனத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விற்பனையிலிருந்தே தொடங்குவோம். குழுவின் முந்தைய ஆல்பம், 1977 பிப்ரவரியில் வெளியான 'ரூமர்ஸ்', அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலிருந்து எடுத்துத் தனியாக வெளியிட்ட பாடல்கள், அதாவது சிங்கிள்கள், நான்கும் முதல் பத்துக்குள் வந்தன. 'ட்ரீம்ஸ்' முதலிடமே பிடித்தது. 1978இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. 'டஸ்க்' கடைக்கு வரும் முன்பே 'ரூமர்ஸ்' ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியிருந்தது. அதன் பக்கத்தில் நிறுத்தினால் எந்த ஆல்பமும் குட்டையாகத்தான் தெரியும். 'டஸ்க்' தொடக்கத்தில் ஏறக்குறைய 40 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம். சிங்கிள்களில், தலைப்புப் பாடலான 'டஸ்க்' அமெரிக்காவில் 8ஆம் இடம், 'சாரா' 7, 'திங்க் அபவுட் மீ' 20. வேறொரு குழுவுக்கு இது வாழ்நாள் வெற்றி. ஆல்பத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனத்துக்கோ அது ஏமாற்றம்.

அந்த ஏமாற்றத்துக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது விலை. இருபது பாடல், இரண்டு இசைத்தட்டு, அட்டையில் அச்சிட்ட விலை 15.98 டாலர். ஒற்றைத் தட்டுக்குக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அமெரிக்க இசைத்தட்டு வணிகம் சரிவில் இருந்த ஆண்டு அது. இரண்டாவது, ஆர்.கே.ஓ. வானொலி நிலையங்கள் ஆல்பத்தை முழுவதுமாக ஒலிபரப்பியதால் கேட்டவர்கள் வீட்டிலேயே கேசட்டில் பதிந்துகொண்டார்கள் என்பது. குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃப்ளீட்வுட் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் இது. விற்பனையை அது கொஞ்சம் பாதித்திருக்கலாம். முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. சில வாரங்கள் கழித்து, 1979 நவம்பர் இறுதியில், பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' வந்தது. அதுவும் இரட்டைத் தட்டுதான். அமெரிக்காவில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆகவே இரட்டைத் தட்டின் விலை மட்டுமே ஆளை விரட்டிவிடாது. 'தி வால்' கையில் முதலிடத்துக்குப் போன ஒரு சிங்கிள் இருந்தது. ஃப்ளீட்வுட் மேக் முதலில் அனுப்பியதோ, முணுமுணுப்பும் பறையொலியும் பித்தளை வாத்தியங்களுமாக ஒலிக்கும் 'டஸ்க்' பாடலை. 'ட்ரீம்ஸ்' போல இன்னொன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விற்பனை குறைந்ததற்கு முக்கியக் காரணம் அந்தத் தேர்வுதான் என்பது என் கணிப்பு. அதே சமயம், அந்தத் தேர்வு நேர்மையானது. உள்ளே என்ன இருக்கிறதோ அதையே வாசலில் வைத்தார்கள்.

இனி அந்த 'பத்து லட்சம் டாலர்' கதை. தயாரிப்புச் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவரை எடுத்த ராக் ஆல்பங்களிலேயே அதிகச் செலவு என்ற பெயரும் வந்தது. அப்போதைய விமர்சனங்களைப் படிக்கும்போது இந்த எண் அடிக்கடி குறுக்கே வரும். பணம் எங்கே போனது என்று தெரிந்தால்தான் அதன் பொருள் புரியும். மேற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த வில்லேஜ் ரெக்கார்டர் ஒலிப்பதிவுக்கூடத்தில் 'ஸ்டுடியோ டி' அறையை இந்தக் குழுவின் தேவைக்கேற்ப அமைத்தார்கள். அந்த அறையில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. ஸ்டுடியோ வாடகை நேரக் கணக்கில் ஏறும். பாடல் எழுதுபவர்கள் மூவர், இருபது பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் பல வடிவங்கள் என்றால் தொகை எகிறத்தான் செய்யும். ஆனால் ஆல்பத்தில் மிகக் கரடுமுரடாக ஒலிக்கும் பாடல்களுக்கான வேலையில் பெரும்பகுதி குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான லிண்ட்சி பக்கிங்ஹாமின் வீட்டில் நடந்தது. செலவைச் சொல்லி இந்த ஆல்பத்தை 'மெருகேற்றிய ஆடம்பரம்' என்று எழுதியவர்கள் அதன் ஒலியைச் சரியாகக் கேட்கவில்லை. பல இடங்களில் மெருகே கிடையாது.

அந்த ஒலி எப்படி வந்தது? பக்கிங்ஹாம் அப்போது டாக்கிங் ஹெட்ஸ், தி கிளாஷ் போன்ற புது அலை, பங்க் குழுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'ரூமர்ஸ்' இரண்டாம் பாகம் செய்ய மாட்டேன் என்று உறுதியாக நின்றார். இணைத் தயாரிப்பாளர் கென் கலே பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் பிரபலம்: மிக்ஸிங் மேசையில் இருக்கும் திருகுகளை இப்போதைய நிலைக்கு நேர் எதிராகத் திருப்பிவிட்டு என்ன வருகிறது பார்க்கலாம் என்று பக்கிங்ஹாம் கேட்டாராம். வீட்டில் குளியலறைத் தரையில் மைக் வைத்துப் பாடினார். ஓடு பதித்த சின்ன அறையில் குரல் சுவரில் மோதிச் சட்டெனத் திரும்பும். ஸ்டுடியோவின் மென்மையான எதிரொலிக்கும் இதற்கும் வெகுதூரம். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் டிஷ்யூ பெட்டியைத் தட்டிப் பதிந்தார். காலிப் பெட்டியில் அடி விழுந்த கணமே ஓசை செத்துவிடும். உலோகத் தகட்டின் நீண்ட ரீங்காரம் இருக்காது. இந்தப் பாடல்கள் இறுக்கமாக, மூச்சு முட்டுவதுபோல ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருவரே தனியாகப் பல ட்ராக்குகளை (தனித்தனியாகப் பதிந்த ஒலி அடுக்குகளை) சேர்ப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. நான்கைந்து பேர் ஒரே அறையில் வாசித்தால் தாளம் சற்று முன்னும் பின்னும் அசைந்து, ஒருவர் மற்றவரை இழுத்துச் சரிசெய்துகொள்வார். ஒருவரே எல்லாம் வாசிக்கும்போது அந்த இழுபறி இருக்காது. தவறினால் எல்லா ட்ராக்கும் ஒரே மாதிரித் தவறும். 'தி லெட்ஜ்' பாடலில் வரும் தள்ளாட்டம் அப்படிப்பட்டது. உலகின் ஆகச் சிறந்த தாளக் கூட்டணிகளில் ஒன்றான மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் மெக்வீயும் கையருகே இருந்தும் ஒருவர் இப்படிச் செய்தார் என்பது அப்போது பலருக்குப் பிடிக்கவில்லை. குழுவுக்குள்ளேயும் பிடிக்காதவர்கள் இருந்தார்கள்.

'டஸ்க்' பாடல் மட்டும் தனிக் கதை. மேடை நிகழ்ச்சிகளில் வாசித்துவந்த ஒரு சிறு தாளத் துண்டுதான் அதற்கு விதை. டேப்பில் ஒரு பகுதியை வெட்டி வளையமாக ஒட்டி, அது சுற்றிச் சுற்றி வரும்படி ஓடவிட்டு, அதன்மேல் மற்றவற்றை அடுக்கினார்கள். கணினி இல்லாத காலத்தில் இதைக் கையால் செய்ய வேண்டும்: வளையம் தொய்ந்தால் சுருதி ஆடும், ஒட்டு பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் இடறும். பிறகு தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ட்ரோஜன் அணிவகுப்பு வாத்தியக் குழுவைச் சேர்க்கலாம் என்ற யோசனையை மிக் கொண்டுவந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களை எந்த ஸ்டுடியோவுக்குள் அடைப்பது? ஆளில்லாத டாட்ஜர் விளையாட்டரங்கில், 1979 ஜூனில், நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை நிறுத்திப் பதிந்தார்கள். ஜான் மெக்வீ அன்று ஊரில் இல்லாததால் அந்தப் பதிவின்போது எடுத்த படத்தில் அவருடைய அட்டை உருவத்தை மிக் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்க்கலாம்.

சரி, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

'ரோலிங் ஸ்டோன்' இதழில் ஸ்டீஃபன் ஹோல்டன் இதை பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு வெள்ளை ஆல்பத்தோடு ஒப்பிட்டார். முழுமையாக முடித்த பாடல்களின் தொகுப்பாக இல்லாமல், தனித்தனிக் கலைஞர்கள் செய்த பாப்-ராக் துண்டுகளை ஒட்டிய கோலம்போல இருக்கிறது என்பது அவர் பார்வை. பலர் இந்த வரியைக் குறையாகப் படிக்கிறார்கள். வெள்ளை ஆல்பத்தோடு ஒருவர் ஒப்பிட்டால் அது எந்தக் காலத்திலும் வசையாகாது. ஹோல்டன் செய்தது துல்லியமான விவரிப்பு. இன்று இந்த ஆல்பத்தைப் புகழ்பவர்களும் அதே உருவகத்தைத்தான் கையாள்கிறார்கள்.

'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் பி பிளஸ் (B+) மதிப்பெண் கொடுத்தார். அவருடைய குறிப்பு ஒரே ஒரு பத்திதான். ஆனால் 1979இல் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதியதில் கூர்மையானவற்றில் ஒன்று. பத்து லட்சம் டாலர் என்பது வெறிபிடித்த தயாரிப்பு என்று ஒப்புக்கொண்டே, இந்த முறை அதற்கு அர்த்தம் இருக்கிறது என்றார். பக்கிங்ஹாமின் ஒலிக்கலவை இசைக்குக் குறுக்கே நிற்கவில்லை, அதுவே இசையாகிவிட்டது என்பது அவர் வாதம். மூன்று பாடகர்களில் ஒருவருடைய பாடலில் மற்றவர்களின் குரல் ஏறக்குறைய மறைந்துபோன ஒரு குழுவுக்கு, ஒட்டாமல் விலகி நிற்கும் இந்தக் கலவை பொருத்தமே என்றும் கவனித்தார். பிறகு குழுவின் மற்ற இரு பாடகிகளான ஸ்டீவி நிக்ஸையும் கிறிஸ்டின் மெக்வீயையும் கடுமையாகத் தாக்கினார்: இவ்வளவு வெறுமையான ஒலிக்குள் அவர்களுடைய பலவீனம் அம்பலமாகிறது என்று.

'நியூ வெஸ்ட்' இதழில் க்ரீல் மார்கஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். நம்பிக்கையைச் சம்பாதித்து நிறுவனத்தின் நடுவில் அமர்ந்துவிட்ட பிறகு வேலையைக் காட்டும் உளவாளியைப் போல, இந்தக் குழு வெகுஜன இசையை உள்ளிருந்தே கவிழ்க்கிறது என்று எழுதினார். 'ரூமர்ஸ்' என்ற நுழைவுச்சீட்டு இல்லாமல் 'டஸ்க்' செய்திருக்க முடியாது என்பதை 1979லேயே சொல்லிவிட்டார்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக இருக்கிறது, பாடகர்கள் பிரிந்து நிற்கிறார்கள், கலவை விசித்திரமாக இருக்கிறது, பணம் எக்கச்சக்கமாகச் செலவானது. இன்றைய புகழுரைகளிலும் இதே நான்கு விஷயங்கள்தான் இருக்கின்றன. கவனித்ததில் மாற்றம் இல்லை. எடை போட்டதில்தான் மாற்றம். பழைய விமர்சனம் ஒன்றைப் படிக்கும்போது மதிப்பெண்ணைக் கையால் மறைத்துவிட்டு, எதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார் என்று மட்டும் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். மதிப்பெண் அந்த வாரத்தின் எதிர்பார்ப்பைச் சொல்லும். விவரிப்பு நீண்ட நாள் தாங்கும்.

அப்படியானால் மறுமதிப்பீடு எங்கிருந்து வந்தது? முதல் அடையாளம் குழுவே கொடுத்தது, தலைகீழாக. 1982இல் வந்த 'மிராஜ்' மீண்டும் மென்மையான பாப் ராக்குக்குத் திரும்பியது. அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இனி இப்படிப்பட்ட சோதனை வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவெடுத்ததாகப் பக்கிங்ஹாம் பல பேட்டிகளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அதனால் 'டஸ்க்' பின்தொடர்ச்சி இல்லாத தனி மரமாக நின்றது. வீட்டிலேயே பதிவு செய்து, கரடான ஒலியை விரும்பிச் செய்யும் தலைமுறை ஒன்று அடுத்த இருபது ஆண்டுகளில் வந்தபோது, அவர்களுக்கு இது முன்னோடியாகத் தெரிந்தது. கேம்பர் வான் பீத்தோவன் என்ற அமெரிக்க ராக் குழு ஆல்பம் முழுவதையும் மறுபடி வாசித்துப் பதிந்து 2002இல் வெளியிட்டது. 2015இல் பல வட்டுகள் கொண்ட விரிவுப் பதிப்பு வந்தபோது விவாதமே முடிந்துபோனதுபோல எல்லோரும் பாராட்டினார்கள்.

இங்கேதான் எனக்கு ஓர் ஆட்சேபம். மறுமதிப்பீடு தராசை எதிர்ப்பக்கம் அதிகமாகச் சாய்த்துவிட்டது. இன்று 'டஸ்க்' என்றாலே பக்கிங்ஹாமின் தனி ஆல்பம் என்பதுபோல எழுதுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் இருபதில் ஒன்பது பாடல் அவருடையது, ஆறு கிறிஸ்டின் மெக்வீயுடையது, ஐந்து ஸ்டீவி நிக்ஸுடையது. பெரும்பான்மை, பதினொன்று, அந்த இரு பெண்கள் எழுதியவை. பக்கிங்ஹாமின் ஒன்பதை மட்டும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள்: அலுக்கும். அந்தப் பாடல்கள் சிறியவை, பதற்றமானவை. பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிபவை. கிறிஸ்டினின் அமைதியான பாடலுக்குப் பிறகு வரும்போதுதான் அவற்றுக்கு அதிர்ச்சி கிடைக்கிறது. ஆல்பத்தைத் திறப்பதே கிறிஸ்டினின் 'ஓவர் அண்ட் ஓவர்', முடிப்பதும் அவருடைய 'நெவர் ஃபர்கெட்'. நடுவில் நடக்கும் கலவரத்துக்கு இரு பக்கமும் அவர் சுவர் எழுப்பியிருக்கிறார். கிறிஸ்டினிடம் கிறிஸ்ட்காவ் எளிமை என்று குறைசொன்னதுதான் இந்தக் கட்டடத்தில் தூண். நிக்ஸின் 'ஸ்டார்ம்ஸ்', 'பியூட்டிஃபுல் சைல்ட்' இரண்டும் அவர் எழுதியவற்றிலேயே மிகவும் அடங்கிய பாடல்கள். அந்த ஒலிவெறுமை அவரை அம்பலப்படுத்தவில்லை, மேடை அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பாட இடம் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் கிறிஸ்ட்காவ் தவறினார் என்பதே என் தீர்ப்பு.

இனி இரண்டாம் பாதி, எப்படிக் கேட்பது. இருபது பாடலையும் ஒரே மூச்சில் ஓடவிட்டால் பன்னிரண்டாவது பாடல் வாக்கில் காது களைத்துவிடும். பாதியில் விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விடுகிறார்கள். இது நான்கு பக்கங்களாக அமைக்கப்பட்டது, பக்கத்துக்கு ஐந்து பாடல், பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று முன்பின். ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் ஐந்தைந்தாகவே கேளுங்கள். ஐந்தாவது 'சாரா', பத்தாவது 'சிஸ்டர்ஸ் ஆஃப் தி மூன்', பதினைந்தாவது 'ஐ நோ ஐம் நாட் ராங்'. ஒவ்வொன்றும் பக்கத்தின் கடைசிப் பாடல். தட்டைத் திருப்பும் இடைவெளி அங்கேதான் விழும். முதல் நாள் முதல் பக்கம் மட்டும் போதும். 'ஓவர் அண்ட் ஓவர்' முடிந்து 'தி லெட்ஜ்' தொடங்கும் அந்த நொடி இந்த ஆல்பத்தின் சுருக்கம்.

பதிப்பு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய குறுந்தட்டுப் பதிப்பில் 'சாரா' வெட்டுப்பட்டிருக்கும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாடல் நாலரை நிமிடம் போலச் சுருங்கியிருக்கும். முழு ஆல்பமும் ஒரே வட்டில் அடங்க வேண்டும் என்பதற்காகச் செய்த வெட்டு. 2004 மறுபதிப்பில் முழு வடிவம் திரும்பிவிட்டது. பழைய கடையில் வாங்கினால் பின்னட்டையில் அந்தப் பாடலின் நேரத்தைப் பாருங்கள். நாலரை நிமிடத்தை ஒட்டி இருந்தால் வேண்டாம்; பாடலின் உயிரே அந்த நீண்ட மிதப்பில்தான் இருக்கிறது.

விரிவுப் பதிப்பு தேவையா? ஒலிப்பதிவில் ஆர்வம் இருந்தால் கட்டாயம். 'ஐ நோ ஐம் நாட் ராங்' பாடலின் பல முன்வடிவங்கள் வரிசையாக இருக்கின்றன. வீட்டுப் பதிவு ஒன்று படிப்படியாக எதை இழந்து எதைப் பெறுகிறது என்று காதாலேயே பின்தொடரலாம். இல்லையென்றால் மூல இருபது போதும்.

இரண்டாம் முறை கேட்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 'நாட் தட் ஃபன்னி' பாடலின் சில வரிகள் 'ஐ நோ ஐம் நாட் ராங்' பாடலிலும் வரும். முதலாவது இரண்டாம் பக்கத்தில், மற்றது மூன்றாம் பக்கத்தில். ஒன்று எரிச்சலாக, மற்றது உற்சாகமாக. 'தட்ஸ் ஆல் ஃபார் எவ்ரிஒன்' பாடலில் அடுக்கடுக்காக வரும் குரல்கள் பீச் பாய்ஸின் பிரையன் வில்சனுக்குப் பக்கிங்ஹாம் பட்ட கடன். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வருவதை எண்ணலாம். கிறிஸ்டினின் 'பிரவுன் ஐஸ்' பாடலில், பெயர் குறிப்பிடாமல், பீட்டர் கிரீன் கிட்டார் வாசித்திருக்கிறார். 1967இல் இந்தக் குழுவைத் தொடங்கி, 1970இல் விலகிப்போனவர். ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்து, பாடல் தேய்ந்து மறையும் கடைசிப் பகுதிவரை காத்திருங்கள்.